மாத்திரை போய்ச் சேரும் வீடு



நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். தினசரி காலண்டரில் அன்றைக்கு முகூர்த்தம் உண்டா, ராகு காலம் எப்போது என்றெல்லாம் போட்டிருக்கும். இதைப் போட்டிருக்க மாட்டார்கள். சர்க்கரை, பிரஷர் என்றால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே சத்தமாகப் பேசுகிறோம். எதிர் இலைக்காரரிடம் மாத்திரை பெயர்கூட விசாரிக்கிறோம். வலிப்பு என்றால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கென்று ஒதுக்கிவிட்டேன்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் திடீரென்று விறைத்துச் சாய்வார். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். வாயோரம் நுரை தள்ளும். உடனே யாராவது ஒருவர், “சாவி, சாவி! இரும்பு ஏதாவது குடுங்கப்பா” என்று கத்துவார். டீக்கடைக்காரர் கல்லாப்பெட்டிச் சாவிக்கொத்தை வீசுவார். ஆட்டோக்காரர் சீட்டைத் தூக்கி ஸ்பேனரை எடுத்து நீட்டுவார். இறுக மூடியிருக்கும் விரல்களைப் பிரித்து அதைத் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கும். “பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு” என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலையும்.

இரும்பு நிறுத்தவில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகிறவை. சாவி தேடி, வாங்கி, விரலைப் பிரித்து வைப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது. பேர் மட்டும் சாவிக்குப் போகிறது.

ஆனாலும் அந்தச் சாவியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாளோ கத்தியோ வைக்கிற ஊர் நம்முடையது. இரும்பு இருக்கிற இடத்தில் கெட்டது அண்டாது என்ற நம்பிக்கை ரொம்பப் பழசு. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் நாலு பேரை மண்டியிட்டு உட்கார வைக்கிறதே, அந்த மட்டில் சாவி நல்லதுதான். கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. வாயில் ஸ்பூனைத் திணிப்பது, கை காலை அமுக்கிப் பிடிப்பது, நினைவு திரும்புமுன் தண்ணீர் புகட்டுவது. இந்த மூன்றையும் செய்யாதீர்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள், சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள், எச்சில் வெளியே வழிகிற மாதிரி ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று அடங்கி நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இந்தப் பத்தியை வெட்டிச் சுவரில் ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மூளையில் நரம்பு செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் மின்சாரத்தைப் பாய்ச்சுவதால் வருவது வலிப்பு. காரணங்கள் பல: பிரசவத்தில் மூச்சுத் திணறல், தலையில் அடி, மூளைக் காய்ச்சல், பரம்பரை. நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பு வருவதும் நிறைய. கறியே தொடாத வீட்டிலும் கழுவாத கீரை வழியாக அது வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய். சரியான மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் நூற்றில் எழுபது பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம்.

மருத்துவம் சொல்வது இதுதான். உலகம் முழுக்க இதையேதான் சொல்கிறது. வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு மாறுவது அந்த நோயைப் பற்றிய கதை. கதை எதுவாக இருந்தால் என்ன, மாத்திரை ஒன்றுதானே என்று தோன்றும். கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனைக்கும் அப்படித்தான் தோன்றியது.

லியா லீ என்ற பெண் குழந்தை. 1982 ஜூலையில் மெர்சட் என்ற ஊரில் பிறந்தாள். பெற்றோர் லாவோஸ் மலைகளிலிருந்து வந்த ஹ்மாங் அகதிகள். அந்த நாட்டில் அமெரிக்க உளவுத் துறை நடத்திய ரகசியப் போரில் அமெரிக்கா பக்கம் நின்று சண்டை போட்டவர்கள் ஹ்மாங் மக்கள். 1975-ல் எல்லாம் கைவிட்டுப்போனதும் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடி, அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்கள். லியாவின் அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அக்கா கதவைப் படாரென்று சாத்தினாள். அந்தச் சத்தத்தில் குழந்தையின் கண் மேலே செருகி, கை தூக்கியபடி உடம்பு இழுத்தது. பெற்றோருக்கு உடனே புரிந்துவிட்டது: பயத்தில் குழந்தையின் ஆவி உடம்பை விட்டு ஓடிவிட்டது, ஏதோ ஒரு துஷ்ட ஆவி பிடித்து ஆட்டுகிறது. நம் பாட்டிகள் ‘பயந்த கோளாறு’ என்று சொல்லி விபூதி போடுவார்களே, அதைக் கேட்டால் அந்தத் தாய்க்கு ஒரு விளக்கமும் தேவைப்பட்டிருக்காது.

நமக்குப் புதிதாக இருப்பது இனிமேல் வருவது. ஹ்மாங் மக்களுக்கு வலிப்பு பயம் மட்டும் இல்லை, மரியாதையும்கூட. வலிப்பு வருகிறவர்களுக்கு மற்றவர் கண்ணுக்குத் தெரியாதது தெரியும். அவர்களில் சிலர் வளர்ந்து, நம் கோடாங்கி மாதிரி, ஊருக்கே நோய் தீர்க்கிற சாமியாடிகள் ஆவார்கள். ஆகவே லியாவின் பெற்றோருக்குக் கவலையும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. குழந்தை கஷ்டப்படக் கூடாது, அதே சமயம் வந்திருக்கிற வரம் அடியோடு போய்விடவும் கூடாது. இந்த இரண்டு மனசோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

முதல் இரண்டு முறை போய்ச் சேருவதற்குள் வலிப்பு அடங்கிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்ல வாய் இல்லை. மொழிபெயர்க்க ஆளும் இல்லை. டாக்டர் பார்த்ததோ இருமலும் சளியுமாக ஒரு குழந்தையை. சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1983 மார்ச்சில் மூன்றாவது தடவை போனபோது இழுப்பு நிற்காமல் இருந்ததால்தான் வலிப்பு என்றே தெரிந்தது. அதற்குப் பிறகு நான்கரை வயதுக்குள் 17 தடவை அட்மிஷன், நூற்றுக்கு மேல் வெளிநோயாளி வருகை. மருந்துச் சீட்டு 23 முறை மாறியது. ஒரு மாத்திரையை அரையாக உடைக்க வேண்டும், இன்னொன்றைப் பொடித்துக் கரைக்க வேண்டும், மற்றொன்று காலையில் மட்டும், போன வாரம் கொடுத்தது இந்த வாரம் கூடாது. படித்த வீட்டிலேயே குழம்பிப்போகும். காலைச் சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று படம் போட்ட அட்டையில் மாத்திரையை ஒட்டிக் காட்டியும் பார்த்தார்கள்.

மருந்து சரியாகப் போகவில்லை. குழப்பம் பாதிக் காரணம்தான். ஒரு மாத்திரை சாப்பிட்டதும் குழந்தை ஓயாமல் துருதுருவென்று ஓடியது. இன்னொன்றைச் சாப்பிட்டதும் சோர்ந்து விழுந்தது. இந்த மருந்துதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று பெற்றோர் முடிவுகட்டினார்கள். மருந்தைக் குறைத்துவிட்டு, சாமியாடியை அழைத்துப் பன்றி பலி கொடுத்தார்கள். கையில் தாயத்துக் கட்டினார்கள். ஆவியை ஏமாற்ற லியாவின் பெயரைக்கூட ‘கோவ்’ என்று மாற்றினார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் என்ன? பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த குழந்தைக்குக் குப்பை, பிச்சை என்று பேர் வைத்து எமனை ஏமாற்றியவர்கள் பேரன் பேத்திகள் நாம். ஆஸ்பத்திரியில் மட்டும் எல்லோரும் பழையபடி ‘லியா’ என்றே கூப்பிட்டார்கள். அதனால்தான் ஆவி ஏமாறவில்லை என்று பிற்பாடு தாய் சொன்னாள்.

டாக்டர்கள் கெட்டவர்களா என்றால், இல்லை. நீல் எர்ன்ஸ்ட், பெக்கி ஃபில்ப் என்ற கணவன் மனைவி இருவரும் அந்தக் குழந்தைக்காக ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தவர்கள். மருந்து போகாவிட்டால் மூளை கெட்டுவிடும் என்ற பயத்தில் எர்ன்ஸ்ட் அரசாங்கத்துக்கு எழுதினார். 1985-ல் கோர்ட் உத்தரவின் பேரில் லியாவைப் பெற்றவர்களிடமிருந்து எடுத்து வளர்ப்பு வீட்டில் விட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம். அங்கே மருந்து வேளா வேளைக்குப் போயும் வலிப்பு எளிதில் கட்டுப்படவில்லை. 1986 ஏப்ரலில் திரும்ப ஒப்படைத்தபோது மருந்து ஒன்றே ஒன்றாகச் சுருங்கியிருந்தது. அதைப் பெற்றோர் ஒழுங்காகக் கொடுத்தார்கள். எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கோபம்தான் வருகிறது. ஒன்றாகச் சுருக்க முடியும் என்றால் முதலிலேயே அதற்கு முயன்று பார்த்திருக்கலாமே. பெற்ற தாய் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிய பிறகுதானா அது தோன்ற வேண்டும்?

அந்த வருஷம் நவம்பர் 25-ம் தேதி பெரிய வலிப்பு ஒன்று வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு நெருங்கி நீடித்தது. கூடவே ரத்தத்தில் கிருமி பரவி உடம்பே தளர்ந்துபோனது, மூளை போய்விட்டது. பெற்றோர் ஒழுங்காகக் கொடுத்துவந்த அந்த மருந்தேகூட உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கலாம் என்று நரம்பியல் டாக்டர் ஒருவர் பின்னால் சந்தேகப்பட்டார். சில நாளில் இறந்துவிடுவாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் சாகவில்லை. தாயும் தகப்பனும் ஊட்டி, குளிப்பாட்டி, முதுகில் கட்டிச் சுமந்து, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். நினைவு இல்லாமலேயே மேலும் 25 ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 2012 ஆகஸ்ட் 31 அன்று முப்பது வயதில் லியா இறந்தாள். ஆன் ஃபாடிமன் என்ற பத்திரிகையாளர் இந்தக் குடும்பத்தையும் டாக்டர்களையும் பல வருஷம் பின்தொடர்ந்து எழுதிய புத்தகம் 1997-ல் வந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ஃபாடிமன் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆர்தர் க்ளெய்ன்மன் என்ற மனநல மருத்துவர், மானுடவியலாளரும்கூட. சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1978-ல் எழுதிய ஒரு கட்டுரையில், நோயாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்திருந்தார். இந்த நோய் எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் அப்போது வந்தது, உடம்புக்குள் என்ன செய்கிறது, என்ன வைத்தியம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எதை நினைத்து ரொம்பப் பயப்படுகிறீர்கள் என்பதுபோலச் சாதாரணக் கேள்விகள்தான். ஒரு டாக்டரும் லியாவின் பெற்றோரிடம் இவற்றைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஃபாடிமன் எழுதிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பதில் இருந்திருக்கும். நோயாளி சொன்னபடி கேட்கவில்லை என்று பேசுவதையே விடுங்கள் என்று க்ளெய்ன்மன் அவரிடம் சொன்னார். அதிகாரம் செய்கிற பேச்சு அது, வேண்டியது சமரசம். மருத்துவத்துக்கும் ஒரு பழக்கவழக்கம், ஒரு பிடிவாதம் உண்டு, அதைப் பார்க்காமல் நோயாளியின் பிடிவாதத்தை மட்டும் பார்த்தால் என்ன பிரயோசனம் என்பது அவர் கட்சி.

நான் அதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வலிப்புக்கு ஆவி காரணம் என்று நான் நம்புகிறேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மூளைதான் காரணம், மருந்துதான் வழி. இதில் பேரம் இல்லை. ஆனால் மாத்திரை எழுதப்படுவது ஆஸ்பத்திரியில், விழுங்கப்படுவது வீட்டில். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைக்கிறவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் எழுதிய சீட்டு வெறும் தாள். மெர்சட்டிலேயே பிற்பாடு மெர்சி என்ற மருத்துவமனை ஹ்மாங் சாமியாடிகளுக்குப் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை கொடுத்தது. பாதிரியார்கள் மாதிரியே அவர்களும் நோயாளியின் அறைக்குள் போகலாம், மெல்லிய குரலில் மந்திரம் சொல்லி ஆவியைக் கூப்பிடலாம். சாமியாடி வந்து போனால் ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கொள்வதும் சுலபமாகிறது.

நாம் இதில் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. திருச்சியிலிருந்து முசிறி போகிற சாலையில் திருவாசி இருக்கிறது. கொல்லி மழவன் என்ற தலைவனின் மகளுக்கு முயலகன் என்ற நோய். வைத்தியம் பார்த்தும் தீராமல், மகளைக் கோயில் சந்நிதியில் கிடத்திவிட்டுத் தகப்பன் நிற்கிறான். அப்போது அங்கே வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, பெண் எழுந்து தகப்பனிடம் வந்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. மற்றக் கோயில்களில் நடராஜர் காலடியில் குள்ளனாகக் கிடப்பவன்தான் முயலகன். இந்தக் கோயிலில் அவனுக்குப் பதில் ஒரு பாம்பு. வலிப்புக்கு நம் முன்னோர் சொன்ன பேர்களில் ஒன்று, ஆடவல்லானின் கால் கீழே நசுங்குகிறவன் பேர். அந்தத் தகப்பன் முதலில் வைத்தியரிடம்தான் போனான் என்பது என் கண்ணில் படுகிறது. இன்றைக்கும் முக்கால்வாசிக் குடும்பங்கள் அப்படித்தான். ஒரு கையில் எம்.ஆர்.ஐ. கவர், மறு கையில் தாயத்து.

அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் குணசீலம். மனநிலை சரியில்லாதவர்களை ஒரு மண்டலம் தங்க வைத்து, பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிற பெருமாள் கோயில். அங்கேயே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் நடக்கிறது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிப் போன பிறகுதான் நமக்கு இந்தப் புத்தி வந்தது என்றாலும், வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஹ்மாங் மக்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. வலிப்பு வந்த பிள்ளையை அவர்கள் ஒளிக்கவில்லை. நாம் ஒளிக்கிறோம். படிப்பில்லாததால், மூடநம்பிக்கையால் வந்த வெட்கம் இது என்று சொல்வது வழக்கம். கொஞ்சம் சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் அந்தச் சமாதானம் நிற்காது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1895-ல் வலிப்பு உள்ளவர்கள் கல்யாணம் செய்யத் தடை போட்டது. வர்ஜீனியா மாநிலம் 1924-ல் அவர்களைக் கட்டாயக் கருத்தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1927-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னது. வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தை ரத்துசெய்ய இடம்கொடுத்த இங்கிலாந்துச் சட்டம் 1971-ல்தான் மாறியது. இதையெல்லாம் எழுதியவர்கள் பேய் பிசாசு நம்பாத, சூட்டுக்கோட்டுப் போட்ட படிப்பாளிகள்.

நம் கதை இன்னும் விசித்திரம். 1955-ல் வந்த இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1976-ல் திருத்தம் கொண்டுவந்தபோது, மனநோயோடு சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் வலிப்பையும் திருமணத்துக்குத் தடையாக எழுதிச் சேர்த்தார்கள். இங்கிலாந்து நீக்கிய ஐந்தாம் வருஷம் நாம் சேர்த்தோம்! நரம்பியல் மருத்துவர்களும் வலிப்பு நோய்ச் சங்கமும் விடாமல் போராடி, 1999-ல்தான் அந்த வார்த்தை சட்டத்திலிருந்து போனது. சட்டத்திலிருந்து போனது, வரன் பார்க்கிற கூடத்திலிருந்து இன்னும் போகவில்லை.

அந்தக் கூடத்திலிருந்துதான் போன மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓர் அம்மா. ஊர், பேர் வேண்டாம். பெண்ணுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து மாத்திரை. நாலு வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை, வேலைக்கும் போகிறாள். நல்ல இடத்திலிருந்து ஜாதகம் வந்திருக்கிறது. “சொல்லிட்டா போயிடும், சொல்லாட்டி தெரிஞ்சிடும்” என்று எழுதியிருக்கிறார். ‘கல்யாணம் ஆனா தானா சரியாயிடும்’ என்று நாத்தனார் சொல்கிறாராம். புகுந்த வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருக்க, முதல் ஆறு மாசம் மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்பது கேள்வி.

அம்மா, நிறுத்தாதீர்கள். உங்கள் கேள்விகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். கல்யாண வீட்டின் தூக்கமின்மையும் அலைச்சலும் பட்டினியும் அதை இன்னும் தூண்டும். எதை மறைக்க நினைக்கிறீர்களோ அது முகூர்த்தப் பந்தலிலேயே நடந்துவிடலாம். கல்யாணத்தால் குணமாகிற நோய் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பிள்ளை பெற முடியுமா என்ற பயம் வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் 1998-லிருந்து வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே பதிவேடு வைத்துத் தொடர்ந்து கவனித்துவருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தை பெற்றவர்கள். வலிப்பு மருந்துகளில் சில கர்ப்பத்துக்கு ஆகாதவை. அதனால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டியதை மாற்றி, ஃபோலிக் அமில மாத்திரையையும் கேட்டு ஆரம்பித்துவிட வேண்டும். ஒளித்து வைத்தால் இதில் ஒன்றுமே நடக்காது.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா? சொல்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சொல்கிறவர் நீங்களோ தரகரோ இல்லாமல், உங்கள் பெண்ணாக இருக்கட்டும். “எனக்கு இது இருக்கு, மாத்திரை சாப்பிடறேன், நாலு வருஷமா வரலை, என் டாக்டர்கிட்ட நீங்களும் வந்து பேசலாம்” என்று பையனிடம் நேராகச் சொல்லட்டும். அதைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும். எனக்கு இதை எழுதுவது சுலபம், உங்களுக்குச் செய்வது கஷ்டம் என்று தெரியும். போகிற வரனை நினைத்து நீங்கள் அழுவீர்கள் என்பதும் தெரியும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகையை வெயிட்டிங் ஹாலில் போடுகிறவர்கள் உங்களில் பலர் என்பதால் இந்த உரிமை. நம் பக்கத்துப் பழக்கவழக்கத்தை விசாரித்ததாலேயே ஒரு நோயின் அடையாளம் தெரிந்த கதை பெங்களூரில் உண்டு. நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் அவரைச் சேர்ந்தவர்களும் 1960-களில் மைசூர் பக்கத்து நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார்கள். சிலருக்குத் தலைக்கு ஊற்றிக்கொள்கிற நாளில் மட்டும் வலிப்பு. நன்றாகக் கொதிக்கக் காய்ச்சி விளாவிய வெந்நீரைச் சொம்பு சொம்பாக விடாமல் உச்சந்தலையில் ஊற்றும்போது, அல்லது ஊற்றி முடித்த கையோடு, நினைவு மங்கி இழுக்கும். வெந்நீர் வலிப்பு என்று இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவ நூல்களில் இருக்கிறது. மற்ற நாடுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. தென்னிந்தியாவில்தான் அதிகம், காரணம் நாம் குளிக்கிற முறை. ஷவரில் நனைகிற ஊரில் படித்த டாக்டருக்கு, “எந்தக் கிழமை தலைக்கு ஊத்துவீங்க, தண்ணி எவ்வளவு சூடு?” என்று கேட்கத் தோன்றுமா? அதைக் கேட்டால் வைத்தியமும் எளிது. தண்ணீரின் சூட்டைக் குறைப்பது. தலையில் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைப்பது. சிலருக்குக் குளிப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் டாக்டர் எழுதித் தருகிற ஒரு மாத்திரை, அவ்வளவுதான். இதைக் கேட்காமல் விட்டால், வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் வந்து ஆட்டுகிறாள் என்று வீடு வேறு கணக்குப் போடும். அந்தக் கணக்கில் ஒரு நியாயமும் இருக்கிறது பாருங்கள்; வெள்ளிக்கிழமை என்பது சரிதான்.

நோயாளி பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. அடுத்த முறை வலிப்பு வரும்போது வீட்டில் ஒருவர் கவனிக்க, இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நூறு வார்த்தையில் சொல்ல முடியாததை நரம்பு டாக்டர் அதில் பார்த்துவிடுவார். வேர் கட்டியிருந்தால், நாட்டு மருந்து கொடுத்திருந்தால், மந்திரித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில நாட்டு மருந்துகள் மாத்திரையோடு சேரும்போது அளவு முன்பின் ஆகிவிடும். டாக்டர் திட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

இந்த இதழில் வலிப்பு நோய் பற்றி ஒரு நரம்பியல் மருத்துவரின் நீண்ட பேட்டி வருகிறது. கேள்விகளில் பாதி நீங்கள் அனுப்பியவை. அடுத்த இதழுக்கு எனக்கு வேறொன்று வேண்டும். உங்கள் ஊரில் வலிப்பு வந்தால் முதலில் யாரிடம் ஓடுவார்கள், என்ன கட்டுவார்கள், எதைத் தின்னக் கூடாது என்பார்கள், எந்தக் கோயிலுக்கு, எந்த தர்காவுக்கு, எந்தச் சர்ச்சுக்கு நேர்ந்துகொள்வார்கள் என்று எழுதுங்கள். கேலி செய்ய மாட்டோம், நம்பச் சொல்லியும் போட மாட்டோம். வந்ததைத் தொகுத்து, இந்தப் பேட்டி தந்த மருத்துவரிடமே கொடுத்து, எது தொந்தரவில்லாதது, எதை உடனே விட வேண்டும் என்று கேட்டு வெளியிடுவோம். பெயர் போட வேண்டாம் என்றால் கடிதத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். தபாலில் வந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தாலும் சரி. கடைசி நாள் டிசம்பர் 10.

அன்புடன்,
ஆசிரியர்